காண்பதற்கா, காட்டுவதற்கா?



இந்த வாரம் சற்று வேறுபட்ட ஒரு பொருளைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். கேமரா இல்லாத கையை இன்று நம் சபைகளில் காண்பது அரிது. ஞானஸ்நானம், திருமணம், அறுப்பின் பண்டிகை, அடக்க ஆராதனை என எதுவும் படமெடுக்கப்படாமல் நடப்பதில்லை. வாலிபர் சிலர் இதைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளாமல், சம்பளப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நல்ல கேமரா ஒன்றை வாங்கி, அதையே தொழிலாகவும் ஏற்றிருக்கின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, எனக்கென்று ஒரு பாணி வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாணி என்பது தேடி எடுக்கும் பொருள் அல்ல. நோக்கம் தெளிந்தபின் பல ஆண்டு உழைப்பினால் உருவாகிறது. ஆகையால் "எப்படிப் படமெடுப்பது?" என்று கேட்பதற்கு முன், "எதற்காகப் படமெடுக்கிறேன்?" என்று கேட்டாக வேண்டும். அதற்கு விடை காணாதவர், இன்ஸ்டாகிராமில் நேற்றுப் புகழ்பெற்ற ஒருவருடைய நிறத்தையும் நிழலையும் நகலெடுப்பவராகவே நின்றுவிடுவார். அந்த இழப்பு அவருடையது மட்டுமே. ஆனால் நோக்கம் தெளியாத கேமராவின் முன் நிற்கும் மனிதருக்கு நேரும் இழப்பும் ஒன்று உண்டு. அதைக் குறித்தே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

படமெடுப்பவரைத் தூண்டும் நோக்கங்கள் பல. சிலர் பிழைப்புக்காக எடுக்கின்றனர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தச்சனின் உளியைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே. சிலர் நினைவைக் காப்பதற்காகவும், சிலர் படைப்பின் அழகைக் கண்டு வியந்தும், சிலர் அநீதியைக் கண்டு பொறுக்காமலும் எடுக்கின்றனர். பாராட்டுக்காக எடுப்பவரும் உண்டு. பல வேளைகளில் இவை எல்லாம் ஒரே நெஞ்சில் கலந்தே இருக்கும். கலந்திருப்பது இயல்பு. ஆனால் எது முன்னே செல்கிறது, எது பின்னே வருகிறது என்பதை அறியாமலிருப்பதுதான் தீது. இதைத் தெளிவாக்கச் சிலருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணி 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது, 1863ஆம் ஆண்டில், அவருடைய மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. பிள்ளைகள் பலர் வளர்ந்துவிட்ட பருவம். இனி ஓய்வுதான் என்று மற்றவர் எண்ணும் வயது. அவரோ கரி சேமிக்கும் அறையை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாகவும் மாற்றிக்கொண்டார். டார்வின், டென்னிசன், ஹெர்ஷல் போன்ற பேரறிஞரையும், தம் வீட்டுப் பணிப்பெண்களையும் ஒரே விதமான கவனத்தோடு படமெடுத்தார். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண்ணை இயேசுவின் தாயாகிய மரியாளின் கோலத்தில் பலமுறை அமரச் செய்தார்.

அவருடைய படங்களில் கோடுகள் கூர்மையாக இரா. முகம் இருளிலிருந்து மெல்ல எழுந்து வருவதுபோல் தோன்றும். அக்காலத்துப் புகைப்பட வல்லுநர் பலர் அதைக் குறை என்றே இகழ்ந்தனர். முறையாகக் குவியம் வைக்கத் தெரியாதவர் என்றனர். அவர் மாறவில்லை. முகத்தின் வெளி வடிவத்தோடு அம்மனிதருடைய உள்ளத்தின் பெருமையையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவர் நாட்டம். அதற்கு எந்த அளவு தெளிவு போதுமோ அந்த அளவில் நிறுத்திக்கொண்டார். பாணி வேண்டும் என்று அவர் மங்கலாக எடுத்தாரல்லர். எதைக் காண விரும்பினாரோ அதுவே அந்த மங்கலைக் கேட்டது. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அப்படங்களைப் போற்றிக் காக்கின்றன.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூர் உண்டு. அங்கே வில்சன் பென்ட்லி என்ற விவசாயி வாழ்ந்தார். 1885ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, ஒற்றைப் பனித்துகளைப் படமெடுப்பதில் அவர் வெற்றி கண்டார். அப்போது அவருக்கு வயது 19. அதன்பின் ஏறத்தாழ நாற்பத்தேழு குளிர்காலங்கள் அதே வேலையைத் தொடர்ந்தார்; ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் பதிவு செய்தார். 1931ஆம் ஆண்டில், 2,400க்கும் மேற்பட்ட அவருடைய படங்கள் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டின் டிசம்பரில் அவர் இறந்தார்.

பென்ட்லியின் படங்களைப் பார்த்த மாத்திரத்தில் அவருடையவை என்று கூறிவிடலாம். கரிய பின்னணி, நடுவில் ஒரே ஒரு வெண்துகள், வேறு ஒன்றுமில்லை. அந்தக் கரிய பின்னணிக்காக, நெகட்டிவின் படியில் துகளைச் சுற்றியிருந்த பூச்சைக் கூரிய கத்தியால் அவர் மிகுந்த பொறுமையோடு சுரண்டி எடுப்பார். கண் சிமிட்டும் நேரத்தில் உருகி மறையும் ஒன்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற வியப்பும் கவலையுமே அந்த எளிய அமைப்பைத் தந்தன. ஊர்விட்டு ஊர் போகாமலும், புதிய கருவிகளை மாற்றி மாற்றி வாங்காமலும் ஒரு மனிதர் தமக்கென ஒரு பார்வையைப் பெற முடியும் என்பதற்கு அவரே சாட்சி. தமக்குக் கிடைத்த ஒரே தாலந்தை அவர் மண்ணில் புதைக்கவில்லை.

லூயிஸ் ஹைன் இன்னொரு வகை. நியூயார்க்கில் ஆசிரியராக இருந்தவர். தாம் கற்பித்த பாடத்துக்கு உதவியாகவே கேமராவைக் கையில் எடுத்தார். 1908ஆம் ஆண்டு முதல், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அமெரிக்காவின் நூற்பாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்று, அங்கே உழைத்த சிறுவர் சிறுமியரைப் படமெடுத்தார். ஆலை முதலாளிகள் அவரை உள்ளே விட விரும்பவில்லை. ஆகையால் சில வேளை தீயணைப்புத் துறை ஆய்வாளராகவும், சில வேளை அஞ்சலட்டை விற்பவராகவும், சில வேளை வேதாகமம் விற்பவராகவும் கூடத் தம்மைக் காட்டிக்கொண்டு அவர் உள்ளே சென்றார். அந்த வழிமுறையைக் குறித்து நாம் விவாதிக்கலாம். ஆனால் உள்ளே சென்றபின் அவர் செய்ததைக் கவனியுங்கள்.

அவர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். வயதைக் கேட்டார். எத்தனை மாதம் வேலை செய்கிறாய் என்று கேட்டார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் உள்ளன என்பதை முன்பே அளந்துவைத்து, அவற்றைக் கொண்டு பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டார். தென் கரோலினாவின் லங்காஸ்டரில் இருந்த ஒரு நூற்பாலையில் 1908ஆம் ஆண்டு அவர் எடுத்த படத்தில், நீண்டு செல்லும் இயந்திர வரிசையின் அருகே ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் பெயர் சேடி ஃபைஃபர். உயரம் 48 அங்குலம். ஆலையில் சேர்ந்து அரை ஆண்டு ஆகியிருந்தது. இவை ஹைனின் குறிப்பால்தான் இன்று நமக்குத் தெரிகின்றன. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, இயந்திரத்தின் பருமன் புலப்படும்படி அவர் படமெடுத்தார். அதுவே அவருடைய பாணி. அதை அழகுணர்ச்சி மட்டும் தரவில்லை. சான்று பிழையாகிவிடக்கூடாது என்ற பொறுப்பும் சேர்ந்தே தந்தது. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்த 1916இல் வந்த சட்டத்தை 1918இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நிலைத்து நிற்கும் சட்டம் 1938இல்தான் வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் சாட்சிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

இம்மூவரும் மூன்று நோக்கங்களால் இயங்கினர்: உள்ளத்தின் பெருமையைப் போற்றுதல், படைப்பைக் கண்டு வியத்தல், அநீதிக்குச் சாட்சி பகர்தல். நோக்கம் வேறானதால் கேமராவின் உயரம், தூரம், ஒளி, பின்னணி யாவும் வேறாயின. ஆகவே தம்பிமாரே, தங்கையரே, பாணியைத் தேடி அலையாதீர்கள். நீங்கள் எதை நேசிக்கிறீர்கள், எதைக் கண்டு வியக்கிறீர்கள், எதைக் கண்டு உறங்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதையும் வரலாறு காட்டுகிறது.

டோரதியா லாங் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் செல்வந்தரைப் படமெடுக்கும் ஸ்டுடியோ நடத்திவந்தார். ஏழு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, வாழ்நாள் முழுவதும் காலைச் சாய்த்து நடந்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்றோர் உணவுக்காக வரிசையில் நிற்பதைக் கண்டபின், ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு வந்தார். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்க வந்து, பயிர் பனியில் கருகியதால் பட்டினி கிடந்த தொழிலாளர் முகாமில், பிள்ளைகளோடு அமர்ந்திருந்த 32 வயதுத் தாய் ஒருத்தியைப் படமெடுத்தார். உலகம் நன்கறிந்த புகைப்படங்களுள் அதுவும் ஒன்று. படங்கள் செய்தித்தாளில் வெளிவந்ததும், அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது.

ஆனால் லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. உணவு வந்து சேர்ந்தபோது அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டிருந்தது. படம் அரசின் உடைமையாதலால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று. அந்த முகம் உலகெங்கும் சென்றது. முகத்துக்குரியவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயரின்றியே இருந்தார். 1978ஆம் ஆண்டில்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தப் படம் எடுக்கப்படாமலிருந்திருந்தால் நலமாயிருந்திருக்கும் என்றும், அதனால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் மனம் வருந்திக் கூறினார். வறுமையின் அடையாளமாகத் தம் தாயின் முகம் எங்கும் காட்டப்பட்டதைப் பிள்ளைகளும் பாரமாகவே உணர்ந்தனர். லாங்கின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. பலருக்கு அவர் நன்மை செய்தார். ஆனாலும் நல்ல நோக்கம் உடையவருக்கும் பெயரைக் கேட்கும் கடமை மீதியாகவே இருக்கிறது.

முன்பு கூறிய கேமரன் அம்மையாரிடமும் இதைக் காணலாம். 1875ஆம் ஆண்டு அவர் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879ஆம் ஆண்டு அங்கேயே மரித்து, மலைநாட்டில் பொகவந்தலாவை ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அக்காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தவருள் மிகுதியானோர் தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் சென்ற நம் மக்களே. இலங்கையில் அவர் எடுத்த படங்கள் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் உள்ளூர்ப் பெண்களும் இருக்கின்றனர். இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர்களின் பெயர்கள் அனைத்தும் நமக்குத் தெரியும். பணிப்பெண்ணின் பெயரும் தெரியும். இலங்கைப் படங்களில் நிற்பவருள் பெரும்பாலோர் பெயரற்றவர். அவர்களும் ஒரு தாய் பெயரிட்டு அழைத்த பிள்ளைகள்தானே!

ஆதியாகமத்தில் ஆகாரின் சரிதையை நாம் அறிவோம். ஓர் அடிமைப்பெண், எஜமானியின் கொடுமைக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடினவள். அவளைத் தேடிவந்த தேவதூதன் முதலில் அவள் பெயரைச் சொல்லி அழைத்தான். பின்பு எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டான். அதற்குப் பின்னரே அவள், தேவனைத் தன்னைக் காண்கிறவர் என்று சாட்சி கூறினாள். காணுதல் என்பது பெயர் சொல்வதிலும், கதையைக் கேட்பதிலும் தொடங்குகிறது. இது படமெடுப்பவருக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் நம் சபைகள் உதவிக்கு விரைகின்றன. அரிசிப் பை, பாய், போர்வை முதலியவற்றை வழங்குகின்றன. நல்லது. ஆனால் வழங்கும்போது எடுக்கப்படும் படங்களைச் சற்றுக் கவனியுங்கள். பின்னால் பேனர், நடுவே நாம், நம் கையிலும் வாங்குபவர் கையிலுமாக ஒரு பை, அவருடைய முகத்தைக் கேமராவின் பக்கம் திருப்பச் சொல்கிறோம். அன்று மாலையே வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அது பரவுகிறது. மறுநாள் பள்ளிக்குச் செல்லும் அவருடைய மகளின் தோழியரும் அதைப் பார்க்கின்றனர். ஐந்து கிலோ அரிசிக்கு அந்தத் தாய் செலுத்திய விலை எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? வலது கை கொடுப்பதை இடது கை அறியலாகாது என்று போதிக்கப்பட்ட நாம், ஊரே அறியும்படி கொடுக்கிறோம்.

"அப்படியானால் ஹைனும் லாங்கும் ஏழையரின் முகங்களைக் காட்டவில்லையா? அதனால் நன்மை விளையவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஹைனின் படம் பிறர் இழைத்த அநீதிக்குச் சாட்சி. அதில் ஹைன் இல்லை. நம் படம் நம்முடைய நற்குணத்துக்குச் சாட்சி. அதில் நாமே நடுவில் நிற்கிறோம். அங்கே முகம் பிள்ளையின் விடுதலைக்காகப் பேசியது. இங்கே முகம் நம் புகழுக்காக நிறுத்தப்படுகிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் நோக்கம் வேறு.

"காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்று மற்றொருவர் கேட்கலாம். கட்டாயம் காட்ட வேண்டும். அதற்கு ரசீதும், பட்டியலும், கையொப்பமும் இருக்கின்றன. படம்தான் வேண்டுமென்றால், மூட்டை சுமந்த தோள்களை எடுங்கள். விடியற்காலையில் அடுப்படியில் நின்ற சகோதரிகளின் கைகளை எடுங்கள். சேறு படிந்த தெருவையும், மீண்டும் திறக்கப்பட்ட பள்ளியின் கதவையும் எடுங்கள். வாங்குபவரின் முகம் வேண்டுமென்றால், முதலில் பெயரைக் கேளுங்கள், அனுமதி கேளுங்கள், எங்கே வெளியிடப் போகிறோம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பையை மட்டும் கொடுத்து வணங்கி வாருங்கள். பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் அனுமதி அனுமதியல்ல. கொடுத்து முடித்தபின் கேட்பதே நேர்மை.

இனி, நோக்கத்தை எப்படி அறிவது என்று கேட்கும் வாலிபருக்கு என்னால் இயன்ற சில ஆலோசனைகள்.

கடந்த ஓராண்டில் நீங்கள் எடுத்த படங்களை ஒரு மாலை முழுவதும் அமர்ந்து பாருங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, யாரும் விருப்பக்குறி இடப் போவதில்லை என்றால், எந்த இருபது படங்களை வைத்துக்கொள்வீர்கள்? அந்த இருபதையும் அச்சிட்டு மேசையின்மேல் பரப்புங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். முதியோரின் கைகளா, பிள்ளைகளின் ஓட்டமா, மாலை நேர வெளிச்சமா, வேலை செய்யும் மனிதரா? உங்கள் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதை அவை உங்களுக்கு முன்பே அறிந்திருக்கும்.

அடுத்து, ஒரே லென்ஸையும் ஒரே பொருளையும் தெரிந்துகொண்டு மூன்று மாதம் அதிலேயே நில்லுங்கள். மீன் இறங்குதளமாகட்டும், உங்கள் தெருவின் தேநீர்க் கடையாகட்டும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லுங்கள். முதல் நாளில் எல்லாரும் எடுக்கும் படமே உங்களுக்கும் கிடைக்கும். பத்தாம் நாளில் அங்குள்ளோர் உங்கள் பெயரைக் கேட்பர்; நீங்களும் அவர்கள் பெயரை அறிவீர்கள். அதன் பின்னரே உங்களுடைய படம் தொடங்கும்.

திருமணம் எடுத்துப் பிழைப்பவர், தமக்குக் கலை இல்லை என்று எண்ண வேண்டாம். மணமக்களைச் சுற்றி எல்லாக் கேமராக்களும் நிற்கும்போது, கடைசி வரிசையில் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கும் பாட்டியைக் காண்பவருக்கு ஏற்கெனவே ஒரு பாணி இருக்கிறது. உடன்படிக்கை கூறும் நேரத்தில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஓரமாக நிற்பதும் அந்தப் பாணியின் ஒரு பகுதியே.

இறுதியாக, எடுக்காமல் விடவும் கற்றுக்கொள்ளுங்கள். மரணப்படுக்கையின் அருகிலும், அழுகிறவரின் முன்பும், கேமராவைக் கீழே வைத்துக் கையைப் பிடித்துக்கொள்வதே சில வேளை நம்மிடம் கேட்கப்படுகிறது. அப்போது தவறவிட்ட படத்துக்காக வருந்த வேண்டாம். ஈசாயின் வீட்டில் சாமுவேல் தீர்க்கதரிசியின் கண்ணுக்கு மூத்தவனுடைய உயரமே முதலில் தெரிந்தது. ஆடு மேய்க்கப் போயிருந்த இளையவனை அழைத்துவரக் காத்திருக்க வேண்டியிருந்தது. நன்கு காண்பதற்குக் காத்திருத்தலும் வேண்டும்.

இந்த வாரம் கேமராவையோ கைப்பேசியையோ நீங்கள் உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை உங்களுக்குள் கேளுங்கள்: இவரைக் காண்பதற்காக இதைத் தூக்குகிறேனா, என்னைக் காட்டுவதற்காகத் தூக்குகிறேனா? உண்மையான விடை கிடைத்தபின் விரலை அழுத்துங்கள். அப்படி அழுத்துகிறவருடைய பாணி எதுவாயினும், அதனால் ஒருவரும் தலைகுனிய நேராது.

கர்த்தர் உங்கள் கண்களையும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.